சாமுண்டீஸ்வரியின் ஓட்டைப் படகு

ஆயுத பூஜையன்று, முடிச்சூர் பக்கத்து பத்மாவதி கார்டனில், துடுப்புப் போட்டு ஓட்டும் நான்கு கயாக் படகுகளுக்குப் பொட்டு வைத்தார்கள். நலச்சங்கக் கட்டடத்தின் வாசலில், கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே, அவை வெள்ளையும் சிவப்புமாக வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் பதினாறு அடி. மூக்கு நுனியில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் குழம்பினார்கள். பிறகு படகின் அடிவயிற்றுக்குக் கீழே பழத்தை வைத்து, நான்கு பேர் மேலே கைவைத்து அமுக்கி நசுக்கினார்கள். கைதட்டினார்கள். பொரியும் சுண்டலும் வந்தன.

புரட்டாசி மாதம், மீன் வியாபாரம் படுத்திருந்தது. காலிப் பெட்டி கட்டிய மொபெட்டைத் தெரு ஓரம் நிறுத்திவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி, சுண்டலை வாங்க மறுத்துவிட்டார். நான்குமே தப்பான படகு. அவர் சொல்லியிருந்தார். யாரும் கேட்கவில்லை.

சாமுண்டீஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் வீராசாமியைக் கட்டிக்கொண்டு கடலைவிட்டு உள்ளே வந்தார். வீராசாமி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். பத்மாவதி கார்டனின் கடைசித் தெருவில் மனை மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்பது முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. ஏரிக்குத் தண்ணீர் போகும் கால்வாயைத் தூர்த்து, அதன் மேல் கல் நட்டு விற்றிருந்தார்கள். தண்ணீருக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. பழைய வழியிலேயே வந்தது, வழியிலிருந்த செப்டிக் டேங்குகளை எல்லாம் கூட்டிக்கொண்டு.

அந்தத் தண்ணீரை சாமுண்டீஸ்வரியால் சகிக்கவே முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகியும் பழகவில்லை. மீன் பெட்டியோடு அவர் தெருவில் நுழைந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிற வீடுகள் உண்டு. வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, கிண்ணத்தை நீட்டி, கை படாமல் மீனை வாங்கிக்கொள்வார்கள். அவருக்கு அதில் சிரிப்புத்தான்.

“மீனு நாறினா தூக்கி வீசிடலாம். இது நாறிகினே வூட்டுக்குள்ள வந்து கட்டில் மேல ஒக்காந்துக்குது” என்பார்.

ஆறு வருஷத்துக்கு முன் வீராசாமியின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு நாள் கிழக்குத் தாம்பரத்தில் டயாலிசிஸ். இந்த நோயாளிகளுக்கு ஒரு கை உயிர்க்கை. அந்தக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைத்து, தடித்த ஊசி ஏற்றத் தோதாகப் புடைக்க வைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். அதில் அழுக்கு படக்கூடாது, அடிபடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது.

போன வருஷ வெள்ளத்தில் வீராசாமியை ஒரு ஜேசிபியின் முன் வாளியில் உட்காரவைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பள்ளத்தில் வண்டி குலுங்கியது. சாக்கடை ஓர் அலையாக எழும்பி வாளிக்குள் விழுந்தது. இடது கையில், முந்தின நாள் ஊசி குத்திய புண்ணில் பட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல். இரண்டு வாரம் சீழ். அந்தக் கை ஃபிஸ்டுலா அடைத்துப்போனது. வலது கையில் புதிதாக ஒன்று வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: “இதுவும் போச்சுன்னா கழுத்துல ட்யூப் போடணும். அது ரொம்ப நாள் தாங்காதும்மா.”

அடுத்த மழைக்குள் ஒரு படகு வேண்டும் என்று சாமுண்டீஸ்வரி அன்றைக்கு முடிவு செய்தார்.

அவருடைய தம்பி மதியழகன், கோவளம் கழிமுகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கயாக் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தனியார் இடத்தில் வேலை செய்கிறார். ஒரு மாசி மாதக் காலையில், மீன் எடுக்கப் போன கையோடு அங்கே போய் நின்றார் சாமுண்டீஸ்வரி.

“கயாக்குன்னா ஒண்ணு இல்லக்கா. செருப்பு மாதிரி. மலை ஏற ஒண்ணு, ஓட ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு” என்றார் மதியழகன்.

“எனுக்கு சாக்கடைக்கு ஒண்ணு காட்டுடா.”

கொட்டகைக்குள் படகுகள் அடுக்கியிருந்தன. முதலில் மதியழகன் காட்டியது, ஒல்லியாக, நீளமாக, நடுவில் ஆள் நுழைய ஓர் ஓட்டை மட்டும் வைத்து மூடிய படகு.

“இது கடலுக்கு. காத்தடிச்சாலும் ஊசி மாதிரி நேராப் போவும். பத்து மைல் போனாலும் கை வலிக்காது. ஆனா திரும்புன்னா ஒரு ஏக்கர் கேக்கும். குந்தத் தெரியாதவன் குந்தினா ஒரே நிமிசத்துல கவுந்துடும்.”

அடுத்தது குட்டையாக, பூசணிக்காய்போல உருண்டிருந்தது. “மலை ஆத்துக்கு. பாறை நடுவுல பம்பரமா சுத்தும். நேராப் போன்னா மட்டும் போவாது, உன் நாத்தனார் மாதிரி.”

“அவள ஏன்டா இழுக்கிற? அது இன்னா, பை மாதிரி கீது?”

“காத்தடிக்கிறது. வேலை முடிஞ்சா மடிச்சு பீரோ மேல வெச்சுக்கலாம்.”

“எங்க தெருவுல காம்பவுண்டு மேல பூரா பாட்டில் கண்ணாடி. அத்தோட முள்ளு, கம்பி. ஒரு கீறல் போதும், பூடும். வேற காட்டு.”

கடைசியில் கிடந்தது அகலமான படகு. உள்ளே நுழைகிற வேலையே இல்லை. பலகைபோன்ற மேற்புறத்தில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார இரண்டு பள்ளங்கள். காலடியிலும் இருக்கையடியிலும் மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் ஓட்டைகள். வெயிலில் வெளுத்த ஆரஞ்சு நிறம். இருக்கைத் துணி கிழிந்துபோய், முதலாளி கழித்துக்கட்ட வைத்திருந்தது. சாமுண்டீஸ்வரி அதைத் தண்ணீரில் தள்ளச் சொன்னார். ஏறி நின்றார். குதித்தார். ஒரு ஓரத்தில் குந்தி, வேண்டுமென்றே சாய்த்தார். படகு முனகியது, கவிழவில்லை.

“நம்ப கட்டுமரம்தான்டா இது. தண்ணி மேல வருது, சந்துல எறங்கிப்பூடுது.”

“அதான்க்கா. கவுந்தாலும் நீ மாட்டிக்க மாட்ட. பக்கத்துல நீந்தினு வந்து மறுபடி ஏறிக்கலாம். கடல்ல தூரம் போவ இது லாயக்கில்ல, எருமை மாதிரி மெதுவாப் போவும். தெருவுக்கு இதான்.”

“ஓட்டை வழியா சாக்கடை மேல வருமே. அவரு கை கீது.”

மதியழகன் யோசித்தார். பிறகு கழற்றிப் போட்டிருந்த தன் ஹவாய் செருப்பையே எடுத்து, வட்டமாக அறுத்து, ஒவ்வோர் ஓட்டையிலும் இறுக்கிச் செருகினார். எட்டு ஓட்டை, இரண்டு செருப்பு. “நின்ன தண்ணில மூடிக்கோ. அலை அடிச்சு மேல தண்ணி வந்துச்சுன்னா எறங்க வழி இருக்காது. அப்போ ஆட்டங்காணும். ஜாக்கிரதை.”

அன்றைக்கு வேறொன்றும் செய்தார். அக்காவை அந்த மூடிய கடல் படகில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை ஒன்றை மாட்டினார். படகின் ஓட்டையை மூடி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற பாவாடை அது. சொல்லாமல் கொள்ளாமல் கவிழ்த்தார். மூக்கெல்லாம் உப்புத் தண்ணீரோடு, கெட்ட வார்த்தைகளோடு சாமுண்டீஸ்வரி வெளியே வந்தார்.

“முன்னாடி தொங்குது பாரு ஒரு வாரு, அத இழுத்தா பாவாடை கழண்டுக்கும். தெரியாதவன் உள்ளயே தொங்குவான். தெரிஞ்சுக்கோ” என்றார் தம்பி, தள்ளி நின்றுகொண்டு.

ஆரஞ்சுப் படகு ஒரு மினி வேனில் வந்து, கடைசித் தெரு வீட்டின் பின்சுவரில் சாய்ந்து நின்றது. பார்த்தவர்கள் மீன்காரம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். ஆனால் அதைப் பார்த்துத்தான் நலச்சங்கத்துக்கும் ஆசை வந்தது.

சங்கத் தலைவர் ஏகநாதன். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல் வயல். கால்வாய் எங்கே ஓடியது என்று ஊரில் யாருக்காவது துல்லியமாகத் தெரியும் என்றால் அவருக்குத்தான். அதைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார். ஆடி மாதக் கூட்டத்தில் டிவியில் படங்களைப் போட்டுக் காட்டினார்.

“மேல உட்கார்றது டூ வீலர் மாதிரி. உள்ள உட்கார்றது கார் மாதிரி. சாக்கடைத் தண்ணியில நீங்க டூ வீலர்ல போவீங்களா, கார்ல போவீங்களா?”

“அந்த ஆரஞ்சுல அடியில ஓட்டை வேற இருக்கு அங்கிள். டிரெய்னேஜ் வாட்டர் மேல வருமே. ச்சீ!” என்றார் இரண்டாம் தெரு ஜெயப்ரியா, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு.

கதவோரம் நின்ற சாமுண்டீஸ்வரி கேட்டார்: “சார், உள்ள குந்தினு கவுந்துகினா தலைகீழா இன்னா பண்ணுவீங்க?”

“ஏம்மா, கவுக்கறதுக்கா வாங்கறோம்?”

“இந்த நீளத்துக்கு நம்ப தெரு முனையில திரும்பாது சார். கொஞ்சம் அகலமா, குட்டையா…”

“மீன் பிடிக்கிற போட் வேற, ரெஸ்க்யூ போட் வேறம்மா. நாங்க பார்த்துக்கிறோம். அது சரி, வஞ்சிரம் எப்ப வரும்?”

கூட்டம் சிரித்தது. வாட்ஸப்பில் வாக்கெடுப்பு வைத்தார்கள். உடம்பில் அழுக்கு படாத படகே வேண்டும் என்று ஊரே அமுக்கியது. அசுத்தத்துக்குப் பயந்து படகு தேர்ந்தெடுத்த ஊர், அந்த அசுத்தம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கும் பேசவில்லை. பாதி வீடுகளின் செப்டிக் குழாய் மழைநீர் வடிகாலில்தான் முடிகிறது. எல்லோருக்கும் தெரியும்.

கார்த்திகை முதல் வாரம், புதன்கிழமை மழை பிடித்தது. முதலில் குளியலறைகள் பேசத் தொடங்கின. தரை ஓட்டைகளில் களக் களக்கென்று சத்தம். பிறகு கறுப்பாக ஒரு கொப்பளிப்பு. வியாழன் மதியம் தெருவில் இடுப்பளவு. வெள்ளி காலை மார்பளவு. டயப்பர்கள், கோழிக்கடைக் கழிவு, கால் விறைத்து மல்லாந்த ஒரு பெருச்சாளி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய வாழை இலைகள் எல்லாம் ஒரே சுழலில் வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு போயின. அரசுப் படகுகள் வேறு பகுதிகளில் இருந்தன. தொலைபேசியில் “வந்துகிட்டே இருக்கோம்” என்றார்கள்.

அது டயாலிசிஸ் நாள். வீராசாமியின் முகம் வீங்கியிருந்தது. மூச்சு இழுத்தது.

காலை ஒன்பது மணிக்கு சாமுண்டீஸ்வரி வலது கையைத் துவைத்த துண்டால் சுற்றி, அதன் மேல் புதுப் பிளாஸ்டிக் கவர் போட்டு, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினார். வாசல்படிக்கு நேராகப் படகைப் பிடித்தார். வீராசாமி நாற்காலியில் உட்கார்வதுபோல முன்பள்ளத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் ஏறுகிற வேலை. சாமுண்டீஸ்வரி பின்னால் ஏறினார். செருப்பு மூடிகளை ஒருமுறை காலால் அழுத்திப் பார்த்தார்.

“கைய தூக்கினே இரு. எறக்கின, கொன்னுடுவேன்.”

“ஓட்டு கேக்கிற மாதிரியே கீதுடி” என்றார் வீராசாமி.

உண்மையில் மாடிகளிலிருந்து இரண்டு பேர் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

அவர் துடுப்பை ஆழமாகப் போடவில்லை. தெளித்தால் முன்னால் படும். தண்ணீரைக் கிழிக்காமல், தள்ளித் தள்ளிப் போனார். வாயை மூடி, மூக்கால் பாதி மூச்சு. ஒவ்வொரு வீச்சிலும் துடுப்பில் ஏதோ ஒன்று வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்காமல் உதறினார். முங்கிக்கிடந்த கார்களின் கூரைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. கண்ணாடி பதித்த சுவர்களிலிருந்து ஒரு கை தூரம் விட்டு, மூன்றாம் தெரு முனைக்கு வந்தார்.

அங்கே தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது வெள்ளை சிவப்புப் படகு. மூக்கு ஒரு கேட் கம்பிக்குள், வால் மின்கம்பத்தில். நடுவில் தலைவர் ஏகநாதன், சொட்டு அழுக்கு உள்ளே வராதபடி ரப்பர் பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல்மூடியில் கயிறு கட்டி, பால் பாக்கெட்டுகள். பால் விநியோகத்தை ஜெயப்ரியா மாடியிலிருந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆட்டாதீங்க சார்! நேரா குந்துங்க!” என்று கத்தினார் சாமுண்டீஸ்வரி.

ஏகநாதன் குரல் வந்த பக்கம் திரும்பினார். அது போதுமாக இருந்தது. படகு, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோலப் புரண்டது. மேலே வெள்ளை அடிவயிறு மட்டும் தெரிந்தது. தலைவர் இல்லை. சுற்றிலும் பால் பாக்கெட்டுகள் மிதந்தன.

சாமுண்டீஸ்வரியின் துடுப்பு நின்றது. பக்கத்தில் போனால் அந்த ஆள் உதைப்பான், பிடிப்பான், தண்ணீர் எழும்பும். முன்னால் அந்தக் கை.

“போடி” என்றார் வீராசாமி.

“உன் கை…”

“நான் தூக்கிகினு கீறேன். நீ போ. செத்துடுவான்.”

மாடியில் யாரோ, “அந்தப் பால் பாக்கெட்டைப் பிடிங்க, அந்தப் பக்கம் போகுது!” என்று குரல் கொடுத்தார். அதைக் கேட்டபோது வந்த கோபத்தில்தான், பின்னாளில் அவர் சொன்னபடி, இரண்டே இழுப்பில் பக்கத்தில் போய்விட்டார். படகை உரசி நிறுத்தி, குனிந்து, தோள்வரை கையை அந்தக் கறுப்புக்குள் விட்டார். கன்னம் தண்ணீரில் பட்டது. விரல்களுக்கு ரப்பர் அகப்பட்டது. விளிம்போடு தடவிக்கொண்டே போய் முன்னால் இருந்த வாரைப் பிடித்து இழுத்தார்.

ஏகநாதன் பிதுங்கி வெளியே வந்தார். எழுந்து நின்றார். தண்ணீர் அவர் மார்பளவுதான். அந்த மார்பளவுத் தண்ணீரில், தலைகீழாக, ஊர் கூடித் தேர்ந்தெடுத்த சுத்தமான படகுக்குள் அவர் செத்திருப்பார். வாய் திறந்தபடி இருந்தது. மீசையில் என்ன ஒட்டியிருந்தது என்று எழுத வேண்டாம். இரண்டு கையாலும் ஆரஞ்சுப் படகைப் பற்றி மேலே தொற்ற எம்பினார். படகு சாய்ந்தது. ஓர் அலை மேற்புறத்தில் ஏறி வீராசாமியின் தொடையை நனைத்தது. அதிலிருந்து ஒரு கீற்று தெறித்து பிளாஸ்டிக் கவரில் விழுந்தது.

சாமுண்டீஸ்வரி துடுப்பால் அவர் விரல்களில் ஓங்கி அடித்தார்.

“வுடு! கைய எடு! தரை கீது, நட!”

“எம்மா… எம்மா…”

“வாய மூடினு அந்தப் படிக்கட்டுப் பக்கம் நட சார். ஏ ஜெயப்ரியா பொண்ணு, போட்டோ புடிச்சது போதும், கதவத் தொற. இவர உள்ள வுடு.”

ஜெயப்ரியா மாடிப்படியில் இறங்கி வந்தார். ஏகநாதனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு படி மேலே போனார். பிறகு, இன்னொரு படி.

சாமுண்டீஸ்வரி காத்திருக்கவில்லை. அந்த வெள்ளைப் படகின் வாலை மின்கம்பத்திலிருந்து தள்ளி வழி பண்ணி, குட்டையான தன் படகை இரண்டு வீச்சில் திருப்பி நுழைந்தார். மேற்புறத்தில் ஏறிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் காலடியில் தளும்பியது. மூடியைப் பிடுங்கினால் இன்னும் மேலே வரும், விட்டால் ஆடும். விட்டுவிட்டு, உடம்பை இறுக்கி உட்கார்ந்து மெதுவாக ஓட்டினார். வீராசாமிக்குத் தூக்கிய கை சோர்ந்தது. இடது கையால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டார்.

பெரிய சாலை மேட்டில் தண்ணீர் முடிந்தது. படகைப் பேருந்து நிறுத்தக் கம்பியில் கட்டினார். முதல் ஆட்டோ நின்றது, மோந்தது, போய்விட்டது. இரண்டாவது ஆட்டோக்காரர் இறங்கிப் பார்த்தார்.

“இன்னாமா, செப்டிக் டேங்க்ல குளிச்சிட்டு வந்தியா?”

“ஆமாண்ணா. டயாலிசிஸ் கேஸு. ஏத்திக்கோ.”

அவர் ஒரு பழைய கட்சி பேனரை எடுத்து சீட்டில் விரித்தார், தலைவர் முகம் கீழே இருக்கும்படி. தாம்பரம்வரை தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார்.

சென்டரில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். ஓர் அம்மா குழந்தையின் மூக்கைப் பிடித்தார். சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. போக முடிந்திருந்தால் அவரும் தன்னை விட்டு எழுந்து போயிருப்பார். ஊழியர்கள் வீராசாமியைப் பின்பக்கம் கூட்டிப்போய், கையை மேலே பிடித்தபடியே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரி வேட்டி கட்டி, கட்டிலில் ஏற்றினார்கள்.

டெக்னீஷியன் கையுறை மாட்டிக்கொண்டு டேப்பைப் பிரித்தார். கவரின் வெளியே பழுப்பு நிறத்தில் ஒரு வழிசல் காய்ந்திருந்தது. அதைத் துடைத்து, கவரை உருவினார். துண்டின் ஓரம் ஈரமாக இருந்தது. சாமுண்டீஸ்வரி அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேர்வைம்மா” என்றார் டெக்னீஷியன், மோந்து பார்த்துவிட்டு. துண்டை முழுக்கப் பிரித்தார். உள்ளே கை சுத்தமாக, காய்ந்து இருந்தது. புடைத்த குழாயின் மேல் மூன்று விரலை வைத்து ஒரு கணம் நின்றார். “கிர்ருன்னு ஓடுது. நல்லா இருக்கு.”

ஊசி ஏறியது. குழாயில் சிவப்பு நகர்ந்து இயந்திரத்துக்குள் போனது. வீராசாமி கண்ணை மூடினார். தூக்கியே வைத்திருந்த கை இப்போது படுக்கையில் கிடந்தது. அதைப் பார்த்தபிறகுதான் சாமுண்டீஸ்வரி வெளியே வந்தார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். காலையிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம் வந்தது. குழாயடியில் முகம் கழுவினார், கையை முழங்கைவரை தேய்த்தார், தோள்வரை தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடி வாந்தி வந்தது.

இயந்திரம் நான்கு மணி நேரம் ஓடும். முடிந்ததும் கையைத் திரும்பச் சுற்றி, திரும்ப டேப் ஒட்டி, அதே தண்ணீரில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சாமுண்டீஸ்வரி எதிர் மருந்துக் கடைக்குப் போய், ஒரு புது பிளாஸ்டிக் கவரும் அகல டேப்பும் கேட்டார். கடைக்காரர் அவற்றைக் கல்லா மேசையின் விளிம்புவரை தள்ளி வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நின்றார்.